பெயரை எங்களிடமே விடுங்கள்

பெரிய கேம் வெளியீட்டு நிறுவனங்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் வீடியோ கேம் செய்யும் தமிழர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். கேட்பது இதுதான்: சிறிய புதுக் கேம்களுக்கும் பணம் போடுங்கள், அவற்றின் பெயருரிமையைச் செய்தவர்களிடமே விடுங்கள்.

ஓடிய கேமுக்கே அடுத்த பாகம் எடுப்பதைக் குறை சொல்ல வரவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளிதோறும் தீமிதி நடக்கிறது. போன வருஷமே பார்த்தாயிற்று என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. கால் ஆஃப் ட்யூட்டி 2005 முதல் ஓராண்டும் தவறாமல் வருவதும் வாங்க ஆள் இருப்பதால்தான். ஆனால் இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து எதற்கு அடுத்த பாகம் எடுப்பீர்கள்?

அசாசின்ஸ் கிரீட், மாஸ் எஃபெக்ட், பயோஷாக், அன்சார்ட்டட், போர்ட்டல் ஐந்தும் 2007 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை. மறு ஆண்டு ஈஏ நிறுவனம் டெட் ஸ்பேஸ், மிரர்ஸ் எட்ஜ் இரண்டையும் இறக்கியது. 2023இல் அதே ஈஏ விற்றது டெட் ஸ்பேஸைப் புதுப்பித்துச் செய்த ரீமேக். அறுவடை நடக்கிறது, விதைநெல் எங்கே?

உங்கள் தயக்கத்தின் கணக்கு எங்களுக்கும் தெரியும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் ஆனதாக 2023இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அதே செலவில் ஒரு புதுக் கேம் செய்து 70 டாலருக்கு விற்றால், கடைக் கழிவு 30 விழுக்காடு போக நிற்பது 49. முதல் மீளவே 45 லட்சம் பிரதிகள் வேண்டும். பெயர் தெரியாத கேமை நம்பி இதில் இறங்கச் சொல்ல மாட்டோம்.

எட்டுப் பேர், பதினெட்டு மாதம், 5 லட்சம் டாலர் என்று போட்டுப் பாருங்கள். விலை 20 டாலர். கழிவு, வரி, தள்ளுபடி, திரும்பக் கொடுத்த பணம் எல்லாம் போக 8 டாலர் கையில் நின்றால், 62,500 பிரதிகளில் முதல் வந்துவிடும். அந்த 22 கோடியில் இப்படி 440 கேம்கள் செய்யலாம். நாற்பது கேமாவது செய்யுங்களேன்.

பெரும்பாலும் தவறு நடப்பது தொடக்கத்தில்தான். விளையாட்டு சுவைக்கிறதா என்று தெரியும் முன்பே ஓவியத்திலும் குரல் நடிப்பிலும் பணம் கரைகிறது. முதல் மூன்று மாதம் இரண்டு பேர், வெறும் கட்டங்களும் பெட்டிகளும் போதும். முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் கொடுங்கள். "இன்னொரு ஆட்டம்" என்று யாரும் கேட்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நிண்டெண்டோவின் ஸ்ப்ளாட்டூன்கூட டோஃபு கட்டி போன்ற வெள்ளைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மை பீய்ச்சும் மாதிரியாகத்தான் தொடங்கியது. கேப்டவுனில் செய்த புரோஃபோர்ஸ் 2012இல் ஒரு கேம் ஜாமில், அதாவது ஓரிரு நாளில் கேம் செய்து முடிக்கும் போட்டியில், முளைத்தது.

மாதிரி தடம் மாறினால் இழுத்துக் கட்டவும் வேண்டாம். அசாசின்ஸ் கிரீட் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் தொடர்ச்சியாகவும், டெவில் மே க்ரை ரெசிடென்ட் ஈவில் 4 ஆகவும் தொடங்கி, தடம் மாறித் தனிக் கேம்களானவை.

கான்கார்ட் என்ற சுடும் கேமைக் காட்டி, புதியது எடுபடாது என்பீர்கள். 2024 ஆகஸ்டில் வந்து இரண்டே வாரத்தில் மூடப்பட்டது உண்மை. வேலரன்ட்டும் ஓவர்வாட்ச் 2உம் இலவசமாகக் கிடைக்கும் சந்தையில் அதே வகைக் கேமை 40 டாலருக்கு வைத்தால் வேறென்ன நடக்கும்? அது புதுமையின் தோல்வி என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட ஒப்பந்தம் முக்கியம். கேமின் பெயரும் பாத்திரங்களும் உங்களுக்கே என்று எழுதிவிட்டு, ஓரிரு ஆண்டில் பெட்டியில் பூட்டினால் செய்தவர்களுக்கும் பயனில்லை, உங்களுக்கும் இல்லை. இனி மூன்று விதிகள் சேருங்கள்: உரிமை செய்தவர்களிடம், வெளியிடும் உரிமை மட்டும் உங்களிடம். அப்படி முடியாதென்றால், மூன்றாண்டுக்குள் அடுத்த பாகம் தொடங்காவிட்டால் பெயர் எங்களிடம் திரும்ப வேண்டும். எங்கள் பங்கில் கழிக்கும் விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் 62,500 பிரதியைத் தாண்டி விற்றாலும் எங்கள் பங்கு பூஜ்யமாகவே நிற்கும்.

ஜோகன்னஸ்பர்க்கில் செய்த செம்ப்ளன்ஸ் 2018இல் நிண்டெண்டோ சுவிட்ச்சுக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலேயே பிறந்த சொந்தப் படைப்பான கேம் ஒன்று நிண்டெண்டோ கருவியில் ஏறியது அதுவே முதல் முறை என்று சொல்லப்பட்டது. இந்த நாட்டில் செய்ய ஆள் இருக்கிறது. முதல் மூன்று மாத மாதிரியை நாங்களே செய்து அனுப்புகிறோம். ஒப்பந்தத்தை அந்த மூன்று விதிகளோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டர்பனில் கேம் செய்யும் தமிழர்கள் சிலர்