பல்லிக்கூடம், பத்துத் தடவை

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன மாதம் ஒருநாள் சொல்வதெழுதுதலில் ‘பள்ளிக்கூடம்’ என்பதைப் ‘பல்லிக்கூடம்’ என்று எழுதிவிட்டு வந்தாள். சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ‘10 தடவை’. அன்று இரவு அவள் அதை எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ‘ப’வை மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் போட்டாள். அடுத்து ‘ள்’ பத்து. அப்புறம் ‘ளி’ பத்து. இப்படியே ‘ம்’ வரைக்கும் வந்து பென்சிலை வைத்துவிட்டு, “முடிச்சுட்டேன்பா” என்றாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கம் நிரம்பியிருந்தது. அந்தச் சொல்லை முழுதாக ஒரு தடவைகூட அவள் எழுதியிருக்கவில்லை.

நோட்டை மூடச் சொல்லி, “இப்ப எழுது கண்ணு” என்றேன். மறுபடியும் பல்லி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பல்லிக்கூடத்துல யார் படிப்பாங்க?” என்று கேட்டேன். ஒரு நொடி விழித்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு. வேறு தாள் எடுத்து வரைந்தாள். சுவரில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு பாடம் நடத்தும் பெரிய பல்லி, கீழே வரிசையாகக் குட்டிப் பல்லிகள், வால் அறுந்த ஒரு பல்லி மட்டும் பெஞ்சின் மேல் நிற்கவைக்கப்பட்டிருந்தது. படத்துக்குக் கீழே ‘பல்லிக்கூடம்’, அதற்குப் பக்கத்தில் ‘நான் போறது பள்ளிக்கூடம்’ என்று எழுதிவைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் அவள் தடுக்கி விழவில்லை.

உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பல்லிதான். சொல்வதெழுதுதலை நிறுத்தச் சொல்லவில்லை, அது வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் நடக்கும் பயிற்சியும் அதற்குப் பின்னால் வரும் ‘பத்துத் தடவை’யும்தான் மாற வேண்டும் என்கிறேன். என் பிழைப்பே அடுத்தவர் எழுத்தில் பிழை தேடுவதுதான். மெய்ப்புத் திருத்துகிறேன். கல்லூரி முடித்தவர்கள் அனுப்பும் படிகளில் வாரந்தோறும் ‘முயற்ச்சி’யைப் பார்க்கிறேன். அவர்களும் சின்ன வயதில் பத்துத் தடவை எழுதியவர்களாகத்தான் இருப்பார்கள்.

பார்த்து எழுதும்போது கண்ணும் கையும் வேலை செய்கின்றன, நினைவுக்கு வேலை இல்லை. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரி, கீழ் வரியைப் பார்த்து அதற்குக் கீழ் வரி. முதல் வரியில் பிழை இருந்தால் பத்தும் பிழை. மாறாக, சொல்லை ஒருமுறை உற்றுப் பார்த்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்று தடவை போதும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் சோதித்தது கல்லூரி மாணவர்களை. ஆனாலும் வீட்டில் எட்டு வயதுக்காரியிடம் நான் பார்ப்பதும் அதையேதான்.

இதையே விளையாட்டாக்க ஒரு சுலபமான வழி உண்டு. சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி அறையின் ஒரு கோடியில் ஒட்டிவிடுங்கள். பிள்ளையின் நோட்டு மறு கோடியில். ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும், தலையில் சுமந்துகொண்டு ஓடிவர வேண்டும், எழுத வேண்டும். மறந்துவிட்டால் இன்னொரு ஓட்டம். என் மகள் முதலில் ஒவ்வொரு எழுத்தாக ஓடினாள். கால் வலித்ததும் தானாகவே ‘வாழ்க்’ ஒரு நடை, ‘கை’ ஒரு நடை என்று பிரித்துக்கொண்டாள். கடைசியில் முழுச் சொல்லையும் ஒரே நடையில் கொண்டுவந்தாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஓடவிட முடியாது என்பீர்கள், நியாயம்தான். இருவர் இருவராக, ஒருவர் ஓட ஒருவர் எழுத, வராந்தாவில் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சத்தம் வரும். வரட்டும்.

அடுத்தது, நம் மொழிக்கே உரிய சங்கடம். ர, ற இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கிறோம். ன, ண, ந கதையும் ஏறக்குறைய அதேதான். அப்படியிருக்க, “நல்லா காதுல வாங்கி எழுது” என்று பிள்ளையிடம் சொல்வதில் என்ன பயன்? காதுக்கு வராத வேறுபாட்டைக் காதிலேயே தேடச் சொல்கிறோம். “ரெண்டு சுழியா மூணு சுழியா டீச்சர்?” என்று கேட்கும் பிள்ளை கவனக்குறைவானது இல்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து கேட்கிறது. அதட்டாமல் அந்தக் கேள்வியைத் துப்பறியும் விளையாட்டாக மாற்றலாம்.

துப்பு மொழிக்குள்ளேயே கிடக்கிறது. ‘பந்து’, ‘கன்று’, ‘வண்டு’ மூன்றையும் மெதுவாகச் சொல்லி, நாக்கின் நுனி எங்கே போகிறது என்று பிள்ளைகளையே கவனிக்கச் சொல்லுங்கள். ‘ந்த’வுக்குப் பல்லைத் தொடும். ‘ன்ற’வுக்குச் சற்று மேலே ஏறும். ‘ண்ட’வுக்கு நன்றாக மடங்கிக்கொள்ளும். நாக்கு சோம்பேறி. ஒரு மெல்லினத்துக்குப் போன இடத்திலேயே அடுத்த வல்லினத்தையும் முடித்துவிடப் பார்க்கும். அதனால்தான் த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன், ட-வுக்கு முன் ண். தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று பெயர் வைத்தவர்கள் விதியைப் பெயருக்குள்ளேயே பொதிந்து வைத்தார்கள். இதைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்கச் சொன்னால் இலக்கணம். வாய்க்கு முன் கண்ணாடி பிடித்து நாக்கைத் தேடச் சொன்னால் கும்மாளம். (‘அன்பு’, ‘நண்பன்’ இரண்டுக்கும் இந்தத் துப்பு உதவாது. அவற்றை நினைவில் வைக்கத்தான் வேண்டும். அதையும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.)

‘முயற்ச்சி’க்கும் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். ற், ட் இரண்டும் பூட்டிய கதவு. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து நுழையவே முடியாது. முயற்சி, பயிற்சி, கற்பனை, காட்சி, நட்பு. ய், ர், ழ் திறந்த கதவு, புள்ளி எழுத்து உள்ளே வரலாம். வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி. என் மகளும் அவள் தோழியும் ஆளுக்கொரு பக்கம் வாசற்படியில் நின்றுகொள்வார்கள். நான் சொல்லைச் சொல்வேன். பூட்டிய கதவு என்றால் கையைக் குறுக்கே நீட்டி மறிப்பார்கள், திறந்த கதவு என்றால் விலகுவார்கள். பத்து நாளில் இருவருக்கும் பிடிபட்டுவிட்டது. எனக்குப் படிகளை அனுப்பும் சில எழுத்தாளர்களையும் அந்த வாசற்படியில் நிறுத்தலாமா என்று யோசித்ததுண்டு.

சொற்சங்கிலி எல்லாருக்கும் தெரியும். ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழில் இது சட்டென்று முட்டுச்சந்தில் போய் நிற்கும். ‘மரம்’ என்றால் ‘மலை’ என்பார்கள். ‘லை’யில் எதைத் தொடங்குவது? இதைக் குறையாக நினைத்து விளையாட்டையே விட்டுவிடுகிறோம். அந்த முட்டுச்சந்துக்கே மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். எதிராளியைத் தொடங்க முடியாத எழுத்தில் நிறுத்தினால் ஒரு புள்ளி. ன, ண, ற, ள, ழ இவற்றில் சொல் தொடங்காது என்பதைச் சில ஆட்டங்களிலேயே தோற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ட, ர, ல மூன்றும் வந்தேறிய சொற்களில் மட்டும்தான் முதலில் நிற்கும். அதன்பின் சொல்லின் முதல் எழுத்து ந-வா ன-வா, ர-வா ற-வா என்ற சந்தேகமே பிள்ளைக்கு வராது.

ஒரே ஒலிபோல் கேட்கும் சொற்களுக்குப் பல்லிக்கூடம்தான் வழி, அதாவது படம். ‘ஏரியில் ஏறி’, ‘அரை அறை’, ‘கரையில் கறை’. அரை அறையை வரையச் சொன்னபோது, என் மகள் பாதியாக வெட்டிய கட்டிலும் பாதிக் கதவும் பாதி அப்பாவும் வரைந்தாள். எந்த எழுத்து எந்தப் பொருளோடு சேரும் என்பதுதான் இங்கே கற்க வேண்டியது. தனிச் சொற்களாகப் பட்டியல் போட்டால் அது நடக்காது. வாராந்திரப் பட்டியலில் ‘அறை’ வந்தால் ‘அரை’யையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள்.

எழுத்தட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 247 எழுத்துக்கும் அட்டை வெட்டினால் தேடவே நாள் போய்விடும். உயிரையும் மெய்யையும் மட்டும் வெட்டுங்கள். மெய் 18-க்கும் இரண்டிரண்டு, உயிரில் அ மட்டும் நான்கு, மற்ற 11-க்கும் இரண்டிரண்டு, ஆய்தம் ஒன்று. மொத்தம் 63 அட்டை. ‘கோடு’ என்று சொன்னால் பிள்ளை க், ஓ, ட், உ என்று அடுக்க வேண்டும். ‘கொ’வா ‘கோ’வா என்ற குழப்பம் இங்கே ஒரே ஓர் அட்டையைத் தேர்ந்தெடுக்கும் வேலையாகிவிடுகிறது. குறிலை எடுத்தாளா நெடிலை எடுத்தாளா என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிழை என்றால் சொல் முழுவதையும் அடிக்க வேண்டியதில்லை, ஓர் அட்டையை மாற்றினால் போதும். இதே அட்டைகளை வைத்து எழுத்தை ஊகிக்கும் ஆட்டமும் ஆடலாம். “ள வரிசை இருக்கா?” என்று கேட்டால் ள் வரும் இடங்களை மட்டும் காட்ட வேண்டும். அதில் எந்த உயிர் ஏறியிருக்கிறது என்பது அடுத்த ஊகம். தவறான ஊகத்துக்கு மனிதனைத் தூக்கில் போடும் படம் எதற்கு? ஏணியில் ஒருபடி கீழே இறக்கினால் ஆயிற்று.

இன்னும் சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு மணல் தட்டில் விரலால் எழுதுவதும், முதுகில் எழுதி ‘என்ன சொல்?’ என்று கேட்பதும் போதும். மரியா மாண்டிசோரி சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவவைத்ததும் இதற்காகத்தான். கை மறக்காது.

எல்லா விளையாட்டும் பயன் தரும் என்று சொல்லமாட்டேன். எழுத்துக் கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடி வட்டமிடுவது பொழுது போக நல்லது, எழுதப் பழக உதவாது. சொல் அங்கேயே இருக்கிறதே. கைப்பேசியில் தட்டெழுதுவதும் அப்படித்தான். இரண்டு எழுத்து தட்டியதும் மீதியை அது நீட்டிவிடுகிறது. வேண்டுமென்றே பிழையாக எழுதிக் காட்டி ‘பிழையைப் பிடி’ என்பதில் எனக்கே கொஞ்சம் பயம் உண்டு. ஒரே பிழையை நாள் முழுக்கத் திருத்தினால், மாலையில் சரியான சொல்லே எனக்குத் தப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். சொல் நன்றாகப் பதிந்த பிறகு மட்டும் ஆடலாம். அப்போதும் பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதி, அது உங்களைத் திருத்தட்டும். சிவப்புப் பேனாவை ஒரு நாள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

தவறியவர் உட்கார வேண்டும் என்ற போட்டியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளை முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் கடைசிவரை பயிற்சி. எழுத்துகள் உண்மையிலேயே பிடிபடாமல் தவிக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு, எழுத்துக் கற்றல் சிக்கல் உள்ளவர்களுக்கு விளையாட்டு மட்டும் போதாது, தனிப் பயிற்சி பெற்றவரின் துணை வேண்டும். அவர்களை மேடையேற்றித் தோற்கடிப்பது எந்த வகையிலும் உதவாது. ஒவ்வொரு பிள்ளையும் போன வாரத் தன்னோடு மோதட்டும்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். இருபது சொல்லை ஞாயிற்றுக்கிழமை இரவு விழுங்கும்படி கொடுக்காமல், நாளுக்கு நான்கைந்தாகப் பிரித்துக் கொடுங்கள். பழைய சொற்களில் இரண்டு மூன்று மறுபடி தலைகாட்டட்டும். எபிங்கௌஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, மறதி எவ்வளவு வேகமானது என்று 1885-லேயே எழுதிவைத்துவிட்டார். இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த முயற்சியில் நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான்.

மதிப்பெண்ணிலும் ஒரு படி இறங்கி வாருங்கள். ‘பள்ளிக்கூடம்’ ஏழு எழுத்து. என் மகள் அதில் ஐந்தைச் சரியாக எழுதியிருந்தாள். ஏழுக்கு ஐந்து என்று போட்டு, தவறிய இரண்டின் அடியில் மட்டும் கோடு போட்டிருந்தால், எங்கே இடறினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடத்தை முடிக்க வேண்டாமா, விடைத்தாள் திருத்த வேண்டாமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பத்துத் தடவை எழுதிய நாற்பது நோட்டைத் திருத்தும் நேரத்தைத்தான் இதற்குக் கேட்கிறேன். எட்டுப் பிள்ளைக்கு ஓர் எழுத்தட்டைக் கட்டு என்றால் ஒரு வகுப்புக்கு ஐந்து கட்டு, 315 அட்டை. வெட்ட ஆள் இல்லையென்றால் மகளின் நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமை நான் வந்து வெட்டித் தருகிறேன். கத்தரிக்கோல் என்னிடமே இருக்கிறது.

அன்புடன்,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா