காசிமேட்டு கேபிள் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கேபிள் அண்ணா,

வணக்கம். லைனை விட்டுக்கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளப் போவதாக அம்மா சொன்னாள். இனிமேல் வீட்டுக்கு வீடு ஃபைபர்தான், கேபிளுக்கு என்ன வேலை என்று நீங்களே சொன்னீர்களாம். தொழிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் போவதற்குள் சொல்லியாக வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நேரில் சொன்னால் "அட, அதெல்லாம் இன்னாம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதும் வேண்டுமென்றேதான். படிக்கிறவர்களுக்கும் ஒரு கேபிள் அண்ணன் இருந்திருப்பார்.

விஷயம் சுட்டி டிவி பற்றியது.

என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் சுட்டி டிவி பேச்சு வராமல் இருக்காது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதுதான் பஞ்சாயத்து. டோரா காலம்தான் பொற்காலம் என்று ஒரு கட்சி, ஜாக்கி சான் கார்ட்டூன் காலம்தான் என்று இன்னொரு கட்சி. அதற்கப்புறம் வந்த எதுவும் சேர்த்தியில்லை என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை. எல்லோரும் தொடர்களை வைத்துத்தான் காலத்தைப் பிரிக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவருவதே இல்லை. எங்கள் போர்டு குடியிருப்பில் சுட்டி டிவியின் காலங்கள் உங்கள் வயரை வைத்துத்தான் பிரிந்தன. சேனலில் என்ன மாறியது என்பதைவிட, அது எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதுதான் எங்களுக்குக் காலம்.

சுட்டி டிவிக்கு முன்னால் ஒரு வெறுமை இருந்தது, நினைவிருக்கிறதா? 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி சென்னையில் கேபிள் டிவிக்கான கேஸ் (CAS) திட்டம் வந்தது. காசு கட்ட வேண்டிய சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் வாங்கு, இல்லையென்றால் இலவசச் சேனல்களோடு இரு என்ற சட்டம். மற்ற பெருநகரங்களில் தள்ளிப்போனது, சென்னையில் மட்டும் அமலாகிவிட்டது. எனக்கு அப்போது ஆறு வயது. கார்ட்டூன் நெட்வொர்க் வந்துகொண்டிருந்த நம்பரில் ஒருநாள் வெறும் புள்ளி புள்ளியாக இரைந்தது. டாம் அண்ட் ஜெர்ரி எங்கே என்று அழுத என்னிடம் "பெட்டி இருந்தாத்தான் வரும்" என்றார் அப்பா. எங்கள் மாடியில் யார் வீட்டிலும் பெட்டி வாங்கவில்லை. பூனையும் எலியும் எங்களைப் பொறுத்தவரை அத்தோடு போய்விட்டன.

அப்புறம் 2007 ஏப்ரல் 29. சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கிய நாள். தேதியை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அது எங்களுக்கு எந்த மாதிரிச் சமயம் என்பது தேதியைப் பார்த்ததுமே புரிந்தது. பள்ளிக்கூட லீவு. அதோடு தடைக்காலம். அப்போதெல்லாம் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது (61 நாள் ஆனது 2017-இல்). அப்பா வீட்டில்தான் இருப்பார். வலையைப் பிரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். கையில் காசு இருக்காது. காசு இல்லாத அந்த நாட்களில்தான் எங்கள் டிவியில் முதல்முறையாகக் கார்ட்டூன் தமிழில் பேசியது.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். கேபிள் காசு வாங்க வந்த உங்களிடம் அம்மா கதவோரமாக நின்று என்னவோ சொன்னாள். நீங்கள் நீளமான நோட்டைப் பிரித்து, எங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக, மாதக் கட்டத்தில் 'தடை' என்று எழுதிவிட்டுப் போனீர்கள். லைனை வெட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்தப் பக்கம் முழுக்க அதே சொல்தான் இருந்தது, எட்டிப் பார்த்தேன். ஜூனில் படகு போனதும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டீர்கள். அந்த ஒரு சொல்லால் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கோடை கோடையாக இருந்தது என்று நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அதனால்தான் நான் சொல்கிறேன்.

முதல் காலம் கறுப்பு வெள்ளைக் காலம். எங்கள் பழைய டிவியில் டோரா சாம்பல் நிறம், அவளோடு திரியும் குரங்கு புஜ்ஜியும் சாம்பல் நிறம். அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவித் திட்டம் 2006-இலேயே தொடங்கிவிட்டாலும் எங்கள் ரேஷன் கார்டுக்கு முறை வரக் கொஞ்ச காலம் ஆனது. அந்த 14 அங்குல டிவியை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய அன்று, நீங்கள் கூடவே வந்து வயரை மாற்றிச் சொருகி, சேனல்களை வரிசையாகப் பதிந்து கொடுத்தீர்கள். டோராவின் சட்டை ரோஸ் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகுப்பை ஊதா. புஜ்ஜியின் பூட்ஸ் சிவப்பு. டோராவின் பொருளைத் திருட வரும் குள்ளநரியின் முகமூடி நீலம். ஏற்கெனவே பார்த்த கதைகளையெல்லாம் நானும் தம்பியும் முதலிலிருந்து பார்த்தோம், நிறத்துக்காகவே.

டோராவை இப்போது கேலிக்கு மட்டும் இழுக்கிறார்கள். "குள்ளநரி, திருடக்கூடாது" என்பது எல்லா மீமிலும் வந்துவிட்டது. எனக்கு அந்தத் தொடரின் மேல் பெரிய மரியாதை. டோரா ஒரு கேள்வி கேட்டுவிட்டு, திரையிலிருந்து நம்மையே பார்த்தபடி காத்திருப்பாள். அந்தச் சில நொடி அமைதி பிள்ளைகள் பதில் சொல்வதற்காக விடப்பட்டது. போர்டு வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டு, எல்லோர் வீட்டிலும் உங்கள் ஒரே லைன். டோரா கேட்டு நிறுத்தியதும் எங்கள் மாடியில் நாலு வீட்டுப் பிள்ளைகள், கீழ் மாடியில் மூன்று வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தந்த வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்துதான் பார்த்தோம், ஆனால் எங்களில் ஒருவர்கூடத் தனியாகப் பார்க்கவில்லை.

என் தம்பிக்கு அப்போது நாலு வயது. மொட்டை மாடியில் அம்மா நெத்திலி காயப்போட்டால் காவலுக்கு அவன்தான். காக்கா இறங்கினால் கல்லெடுக்க மாட்டான். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி, "குள்ளநரி திருடக்கூடாது, குள்ளநரி திருடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கருவாட்டுக்கு வந்த பூனையும் குள்ளநரிதான். பக்கத்து மாடிப் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்த வார்த்தைகளை எழுதியவரையும் பேசியவர்களையும் நான் பார்த்ததில்லை. ஆனால் காசிமேட்டில் கருவாடு காய்கிற மாடிவரை வந்து சேர்ந்த தமிழ் அது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். டாம் அண்ட் ஜெர்ரியில் பேச்சே தேவைப்படவில்லை, விழுவதையும் உருளுவதையும் பார்த்துச் சிரித்தோம். சுட்டி டிவியில்தான் கார்ட்டூனின் பேச்சைக் கேட்டுச் சிரித்தோம். அந்தச் சேனல் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஜாக்கி சான் என் தொடர். பன்னிரண்டு சீன வருடங்களுக்குரிய விலங்குகள், ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு மந்திரக் கல், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சக்தி. முயல் என்றால் வேகம், பாம்பு என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போவது, சேவல் என்றால் அந்தரத்தில் தூக்குவது, குதிரை என்றால் காயம் ஆறுவது. நாங்கள் உடைந்த ஓட்டுச் சில்லுகளில் சாக்பீஸால் படம் போட்டு, மாடிப்படியில் பங்கு பிரித்து விளையாடுவோம். நான் எப்போதும் ஜேட். பெரியவர்கள் "நீ இங்கேயே இரு" என்று சொன்ன அடுத்த நிமிடம் கிளம்பிவிடும் அந்தப் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகும் ஒரு பெண்ணாக நான் ஆனதில் ஜேடுக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் பாருங்கள், அந்தத் தொடர் அமெரிக்காவில் 2000-இல் ஆரம்பித்து 2005-இலேயே முடிந்துவிட்டது. மொத்தம் 95 பாகம். அதையேதான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நான் பத்து வயதில் பார்த்ததைத் தம்பி ஒன்பது வயதில் பார்த்தபோது 2012. தொடர் அதேதான், குரல்களும் அதேதான். ஆனாலும் அவன் பார்த்தது வேறு ஜாக்கி சான். காரணம் மின்வெட்டு.

அந்த வருடம் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். எந்த இரண்டு மணி நேரம் என்பது ஏரியாவுக்கு ஏரியா சுழன்று வரும். இதில் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும், டிவி ஓடும், படம் மட்டும் வராது. ஏனென்றால் கேபிள் சிக்னலைக் கூட்டித்தரும் உங்கள் ஆம்ப்ளிஃபயர் இருக்கும் தெருவில் கரண்ட் போயிருக்கும். அங்கே வந்தால் இங்கே போய்விடும். ஆக, தம்பிக்குக் கணக்குப்படி இரண்டு மணி நேரம், உண்மையில் நாலு மணி நேரம். ஜாக்கி எதிரியை உதைக்கக் காலைத் தூக்கும்போது படம் போய்விடும். அடுத்த நாள் வேறு கதை. பாதிக் கதைகளின் முடிவை அவனும் அவன் கூட்டாளிகளும் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கரண்ட் போன நேரமெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து அதே வேலை. எந்தக் கல் எவனிடம் போனது என்று அவன் சொன்ன கதைகள் அந்தத் தொடரில் எங்குமே இல்லை என்று பின்னால் முழுதாகப் பார்த்தபோது தெரிந்தது. அவன் கதைகள் நன்றாகவே இருந்தன.

அப்போதும் நீங்கள்தான் ஒரு வழி செய்தீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரி வைத்தீர்கள். அதற்காகச் சந்தாவை உயர்த்தவில்லை. உப்புக் காற்றில் கேபிள் முனையின் பின் (pin) துருப்பிடித்துப் படம் மங்கும் ஒவ்வொரு முறையும் ஏணியோடு வந்து, வயர் முனையைச் சீவி, புதுப் பின் போட்டுவிட்டுப் போவீர்கள். கடற்கரைத் தெருவில் கேபிள் லைன் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. செம்பு பச்சை பூத்து உதிர்வதை மட்டும் வேடிக்கை பார்த்திருக்கிறேன். உங்கள் லோக்கல் சேனலில் கீழே ஓடும் பிறந்தநாள் வாழ்த்தில் என் பெயரும் ஒரு வருடம் ஓடியது. அன்று முழுக்க சுட்டி டிவியைக்கூட மாற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசிக் காலம் சீக்கிரம் முடிந்தது. பெட்டி கட்டாயமானது. படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது, இரைச்சல் போனது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டணம் வந்தது. அடிப்படை 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. நீங்கள் பட்டியலோடு வந்து உட்கார்ந்தீர்கள். அம்மா சீரியல் சேனல்களையும் படச் சேனலையும் சொன்னாள். எழுதிக்கொண்டே வந்த நீங்கள் நிமிர்ந்து, "சுட்டி வாணாமா?" என்று கேட்டீர்கள். நான் 22 வயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தம்பி பதினொன்றாவது. "இனிமே யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் அம்மா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சேனலை வேண்டாம் என்று சொல்லும் முன்னால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்றைக்கு அக்கா மகள் போனில் கார்ட்டூன் பார்க்கிறாள். தமிழில்தான் பார்க்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷம். வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கிறாள், நாங்கள் பட்ட பாடு அவளுக்கு இல்லை. நல்லதுதான். அவள் காலத்துக்கு அவள் பெயர் வைப்பாள்.

சரி, இப்போது ஒரு கோரிக்கை. உங்கள் நோட்டுகள் எனக்கு வேண்டும். எல்லாம் வேண்டாம், 2007 முதல் இருப்பவை போதும். யார் வீட்டில் எந்த மாதம் 'தடை', யார் வீட்டில் 'பாதி', எந்த வீடு காலி செய்துகொண்டு கண்ணகி நகர் போனது, எந்த வீட்டுக்குக் கலர் டிவி வந்து இரண்டாவது கனெக்‌ஷன் கேட்டார்கள் என்று எல்லாமே அதில் இருக்கும். எங்கள் குடியிருப்புக்கு அந்த வருடங்களைப் பற்றி எழுத்தில் வேறு ஆதாரம் கிடையாது. நான் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதப் போகிறேன், பெயர்களை எடுத்துவிட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். பெட்டியைத் திரும்ப வாங்க நீங்களே வாருங்கள், பையனை அனுப்பாதீர்கள். வரும்போது நோட்டுகளையும் எடுத்து வாருங்கள். பழைய பேப்பர் கடையில் போட்டாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அண்ணா.

அன்புடன்,
மூணாவது மாடி வலைக்காரர் மகள்