போத்தலை நிரப்ப முன்: மகளுக்கு ஒரு கடிதம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுமாணி ஆய்வுக்கு எங்கள் ஊர்க் கிணறுகளில் உள்ள நைத்திரேற்றை எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்பதையும், ஆடி மாதம் இங்கு வந்து நீர் மாதிரிகளைச் சேகரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் பேராதனைக்குக் கொண்டுபோகப்போகிறாய் என்பதையும் வாசித்து மகிழ்ந்தேன். வெங்காயத் தறைகளுக்குப் போடும் பசளைதான் கிணறுகளைக் கெடுக்கிறது என்று நிறுவிக்காட்டுவேன் என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வது சரியாகவே இருக்கக்கூடும். ஆனாலும் ஒரு போத்தலைக்கூட நிரப்ப முன் இந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசித்துவிடு. பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்த காலம் முழுவதும் பரீட்சைப் பாடத்திட்டத்துக்குள் அடங்காமல் நின்ற விடயங்களையே இங்கு எழுதுகிறேன்.

பசளையில் உள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. மறையேற்றம் கொண்ட அந்த அயனை, தாமும் மறையேற்றம் கொண்ட களித்துணிக்கைகள் பிடித்துவைப்பதில்லை. இறைக்கும் நீரோடும் மாரி மழையோடும் அது செம்பாட்டு மண்ணைக் கடந்து, வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கிணற்றைச் சேருகிறது. இது உன் விளக்கம். ஆனால் எங்கள் வளவுகளிலே கிணறும் மலசலகூடக் குழியும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது உனக்குத் தெரியாததல்ல. மனிதக் கழிவிலுள்ள நைதரசனும் நைத்திரேற்றாக மாறி அதே பாறை வெடிப்புகளால் அதே கிணற்றுக்குத்தான் வருகிறது. மாட்டுக் கொட்டிலும் அவ்வாறே. போத்தலுக்குள் வந்த அயன் தான் எங்கிருந்து வந்தது என்று சொல்லப்போவதில்லை. ஆகையால் வெங்காயத் தோட்டத்துக் கிணறுகளில் அளவு கூடியிருப்பதைக் கண்டவுடன் உன் கருதுகோள் நிறுவப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடாதே. எந்த அவதானிப்புக் கிடைத்தால் உன் கருதுகோளைக் கைவிடுவாய் என்பதை இப்போதே, திகதியிட்டு, குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுது. உதாரணமாக, பசளையே படாத, ஆனால் குழிகள் நெருங்கிய நகர்ப்புறக் கிணறுகளிலும் அதே அளவு நைத்திரேற்று இருந்தால் என்ன சொல்வாய்? முடிவைப் பார்த்தபின் எழுதப்படும் எந்த விளக்கமும் அந்த முடிவுக்குப் பொருந்தத்தான் செய்யும். அதனால்தான் முதலில் எழுதச் சொல்கிறேன்.

இது நேர்மையற்றவர்களுக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அல்ல. பிரான்சின் நான்சி நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய றெனே புளொண்ட்லோ மதிப்புப் பெற்ற பௌதிகவியலாளர். அவர் 1903ஆம் ஆண்டில் புதியதொரு கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். மங்கலான ஒளியொன்று சற்றே பிரகாசமாவதை இருட்டறையில் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே அதை உணரும் வழியாக இருந்தது. வேறு பலரும் தாமும் கண்டதாக எழுதினார்கள். அடுத்த ஆண்டு அந்த ஆய்வுகூடத்துக்குச் சென்ற அமெரிக்கர் றொபேட் வூட், கதிரைப் பிரிப்பதற்கென்று வைத்திருந்த அலுமினிய அரியத்தை இருட்டில் ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். அரியம் இல்லாதபோதும் முன்போலவே அளவீடுகள் வாசிக்கப்பட்டன. எவரும் பொய் சொல்லவில்லை; தாம் எதிர்பார்த்ததையே அவர்களின் கண்கள் கண்டன. திரவத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, நிறமாற்றத்தைக் கண்ணால் தீர்மானிக்கும் ஒவ்வொரு நியமிப்பிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே போத்தல்களில் கிணற்றின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதாதே. இலக்கம் மட்டும் இடு. எந்த இலக்கம் எந்தக் கிணறு என்ற பட்டியலை உன் தோழி ஒருத்தி வைத்திருக்கட்டும். எல்லா வாசிப்புகளும் முடிந்த பிறகே அதைக் கேட்டு வாங்கு.

ஒப்பீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கடற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் ஸ்கேவி (முரசு கரைந்து இரத்தம் கசியும் நோய்) கண்ட 12 மாலுமிகளைத் தெரிந்து, இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஒரு சோடிக்குக் கடல்நீர், இன்னொன்றுக்கு வினாகிரி, மற்றொன்றுக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் என்று அது அமைந்தது. பழம் உண்டவர்கள் சில நாளிலேயே தேறினார்கள். நோயின் நிலையில் இயன்றவரை ஒத்தவர்களையே தெரிந்து, ஒரே இடத்தில் கிடத்தி, ஒரே பொது உணவைக் கொடுத்தமையால்தான் பழத்தின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வேதனைப்படுகிறது.

நீ செய்யப்போவது லிண்ட் செய்தது போன்றதல்ல என்பதையும் மறக்காதே. எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் தோட்டம் இருக்கவேண்டும் என்று நீ தீர்மானிக்கவில்லை, இருப்பதைப் பார்க்கிறாய். அது அவதானிப்பு. பசளையின் அளவை உன் கையால் மாற்றி, விளைவைப் பார்த்தால்தான் அது பரிசோதனை. கோப்பாயில் சித்தப்பா தன் வெங்காயத் தறையில் ஒரு துண்டை உனக்குத் தருவதற்குச் சம்மதித்திருக்கிறார். அங்கே பசளை போட்ட பாத்திகளையும் போடாத பாத்திகளையும் வைத்து, வேர் மட்டத்துக்குக் கீழே இறங்கும் நீரை அளந்து பார்க்கலாம். இரண்டையும் செய்தால் உன் ஆய்வு வலுப்பெறும்.

அந்தத் தறையில் வாய்க்கால் வாயண்டைப் பாத்திகளுக்கு எப்போதும் நீர் கூட. கடைசிப் பாத்திகளுக்குக் குறைவு. பசளையை முன்பாத்திகளுக்கும் வெறுமையைப் பின்பாத்திகளுக்கும் கொடுத்தால், நீ அளப்பது பசளையையா நீரையா என்று எவராலும் சொல்ல முடியாது. 1919இல் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளிவிபரவியலாளர் றொனால்ட் பிஷர் இந்தச் சிக்கலுக்குத்தான் வழி கண்டார். வாய்க்காலிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள பாத்திகளை ஒரு தொகுதியாக்கு. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி, எழுமாற்றாகத் தீர்மானி. உனக்குத் தெரிந்த வேறுபாட்டைத் தொகுதி கவனித்துக்கொள்ளும். உனக்குத் தெரியாத வேறுபாடுகளை எழுமாற்று ஒரு பக்கம் சாயவிடாமல் காக்கும். கிணறுகளையும் இப்படியே தெரிவுசெய். சொந்தக்காரர் வீட்டுக் கிணறுகளும் பிரதான வீதியோரக் கிணறுகளும் உனக்கு இலேசாகக் கிடைக்கும் என்பதற்காகவே அவற்றை எடுக்காதே. முதலில் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டுப் பட்டியல் எழுதி, அதிலிருந்து குலுக்கி எடு.

எத்தனை கிணறு போதும் என்று கேட்டிருந்தாய். பிஷரின் தேநீர்ப் பரிசோதனையை வைத்து யோசித்துப் பார். பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைத் தன்னால் சுவைத்தே சொல்ல முடியும் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகளில் நான்கு ஒரு விதமாகவும் நான்கு மறு விதமாகவும் இருந்தால், நான்கைத் தெரிந்தெடுப்பதற்கு 70 வழிகள் உண்டு. ஒன்றும் தெரியாதவர் குருட்டுவாக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. ஆறு கோப்பைகளாகக் குறைத்தால் அது இருபதில் ஒன்றாகிவிடும். தற்செயலுக்கு எவ்வளவு இடம் கொடுப்பாய் என்பதைத் தொடங்க முன்னரே கணக்கிட்டுத்தான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கவேண்டும். பாதியில் முடிவு பிடித்திருக்கிறது என்று நிறுத்துவதும், பிடிக்கவில்லை என்று இன்னும் சில கிணறுகளைச் சேர்ப்பதும் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். இன்னொன்று: ஒரே போத்தல் நீரைப் பத்துத் தரம் அளந்தால் உன் கருவியின் வாசிப்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது தெரியவரும், அவ்வளவுதான். அது பத்துக் கிணறுகளாகிவிடாது.

நீர் எடுக்கும் ஆழத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நீ. இந்தக் குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே அள்ளியதும் கீழே அள்ளியதும் ஒன்றாகா. ஆடியில் எடுப்பது மட்டும் போதாது. மாரி மழைக்குப் பிறகு, தையிலோ மாசியிலோ அதே கிணறுகளுக்குத் திரும்பவும் வரவேண்டும். காய்ச்சி வடித்த நீரை நிரப்பிய போத்தலொன்றையும் மற்றவற்றோடு ஊர் முழுதும் கொண்டுதிரிந்து, அதையும் அளந்து பார். அதில் நைத்திரேற்று இருந்தால் குற்றம் கிணற்றினுடையதல்ல, உன் போத்தலினுடையது. அமிலம் சேர்க்காத மாதிரிகளை 4 பாகை செல்சியசில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளந்துவிடவேண்டும், இல்லாவிட்டால் நுண்ணங்கிகள் அளவை மாற்றிவிடும்.

அலகைப் பற்றி மிகவும் கவனமாக இரு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது நைத்திரேற்று அயனின் அளவு. அதையே நைதரசனாகக் கணக்கிட்டால் 11 மில்லிகிராம் அளவில் வரும். இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம். ஓர் அறிக்கை ஒன்றையும் இன்னோர் அறிக்கை மற்றதையும் சொல்லும்போது, நல்ல கிணறு கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தோன்றிவிடும். போத்தற்பால் கரைக்க அந்த நீரைப் பயன்படுத்தும் தாய்க்கு இது தாளில் நடந்த பிழை அல்ல. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்து, உடல் நீலம்பாரிக்கச் செய்யக்கூடியது.

பொருந்தாத அளவீடு வந்தால் அழிக்காதே. ஒற்றைக் கோடு கீறி, காரணத்தைப் பக்கத்தில் எழுது. கீழே உள்ள எண் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். வளியிலிருந்து பெற்ற நைதரசன் லீற்றருக்கு 1.257 கிராம் அளவிலும், இரசாயனச் சேர்வைகளிலிருந்து பெற்றது 1.251 கிராம் அளவிலும் இருந்ததைப் பிரித்தானியப் பௌதிகவியலாளர் றேலி பிரபு கண்டார். வித்தியாசம் அரை வீதம்தான். வேறொருவர் அதைத் தராசின் பிழை என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. அந்த அரை வீதத்திலிருந்துதான் அவரும் இரசாயனவியலாளர் றம்சேயும் 1894இல், வளியில் மறைந்திருந்த ஆகன் வாயுவைக் கண்டறிந்தார்கள். 1904இல் ஒருவர் பௌதிகத்துக்கும் மற்றவர் இரசாயனத்துக்கும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விடயம். நைத்திரேற்றை அளக்க இரண்டு முறைகளை ஆலோசித்து வருவதாக எழுதியிருக்கிறாய். ஒன்றில் கட்மியம் நிரம்பிய குழாயினூடாக நீரைச் செலுத்த வேண்டும். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலோகம். மற்றதில் புரூசினும் செறிந்த சல்பூரிக்கமிலமும் தேவை. புரூசின் எட்டி மரத்து விதையிலுள்ள நஞ்சு. எட்டிக் கொட்டையைத் தொடாதே என்று அம்மம்மா உன்னைத் தடுத்தது வீண் பயத்தால் அல்ல. எந்த முறையை எடுத்தாலும், கருதுகோளை எழுதியது போலவே, என்ன பிழைத்துப்போகலாம், பிழைத்தால் முதல் நிமிடத்தில் என்ன செய்வாய் என்பதைப் பரிசோதனைக்கு முன்னரே அதே குறிப்பேட்டில் எழுது. ஒவ்வொரு பதார்த்தத்தின் பாதுகாப்புத் தாளையும் முழுதாக வாசி.

அமிலத்தை நீருக்குள் சிறிது சிறிதாக ஊற்று. நீரை அமிலத்துக்குள் ஒருபோதும் ஊற்றாதே, வெளிவிடும் வெப்பத்தால் அமிலம் கொதித்துத் தெறிக்கும். திரவத்தை அளந்தெடுக்கும் குழாயியை வாயால் உறிஞ்சும் பழைய பழக்கம் எங்கு இருந்தாலும் நீ அதைப் பின்பற்றவேண்டாம். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாய் என்பதற்காகப் பாதுகாப்புக் கண்ணாடியைத் தவிர்க்காதே. பக்கவாட்டிலிருந்து தெறிப்பதை மூக்குக்கண்ணாடி தடுக்காது. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பின்னலைத் தூக்கிக் கட்டு. சால்வையை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போ. கையுறையோடு தொலைபேசியைத் தொடாதே. கட்மியக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர். நைத்திரிக்கமிலம் இருந்த கழிவுப் போத்தலுக்குள் மதுசாரமோ அசற்றோனோ போகவே கூடாது. மூடிய போத்தல் வெடித்துச் சிதறும்.

ஆடையைப் பற்றி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2008 டிசம்பரில் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வுகூடமொன்றில், காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் திரவமொன்றை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆய்வுகூட மேலங்கி அணியாதிருந்த இளம் உதவியாளர் ஒருவரின் செயற்கை நூல் உடை பற்றிக்கொண்டது. பதினெட்டு நாளின் பின் அவர் இறந்தார். அவருக்கு வயது 23. உன் மேலங்கி பருத்தியில் இருக்கட்டும். அதன் பொத்தான்கள் பூட்டியிருக்கட்டும்.

கையுறை அணிந்தால் போதும் என்றும் எண்ணாதே. டாட்மத் கல்லூரிப் பேராசிரியை கரென் வெற்றர்ஹான் நச்சு உலோகங்களை ஆராய்ந்தவர். அன்று அறியப்பட்டிருந்த பாதுகாப்பு முறைகளைப் பின்பற்றி, புகையை உறிஞ்சும் அலுமாரிக்குள் கையுறையோடுதான் வேலை செய்தார். 1996 ஆகஸ்டில் இருமெதைல்மேர்க்கூரி என்ற கொடிய நச்சுப் பாதரசச் சேர்வையின் சில துளிகள் அவருடைய இலேற்றெக்ஸ் கையுறையில் விழுந்தன. அந்தத் திரவம் அவ்வகைக் கையுறையைச் சில வினாடிகளில் ஊடுருவும் என்பது பின்னர் சோதித்தே தெரியவந்தது. மாதங்கள் கழித்து நடையும் பேச்சும் தடுமாறின. 1997 ஜூனில் இறந்தார். எந்தக் கையுறை எந்தப் பதார்த்தத்தை எவ்வளவு நேரம் தடுக்கும் என்ற அட்டவணைகள் இருக்கின்றன. உன்னுடைய ஒவ்வொரு திரவத்துக்கும் அதைப் பார்த்து எழுதிக்கொள்.

1990களில் யூரியா உட்படப் பல பொருள்கள் குடாநாட்டுக்குள் வராமல் தடுக்கப்பட்டிருந்தபோது, நாங்கள் துளிக் கணக்கில் பரிசோதனை செய்து பழகினோம். அந்தப் பழக்கத்தை நான் இன்றும் நல்லதாகவே கருதுகிறேன். அளவு குறையும்போது கழிவும் குறையும், விபத்தின் கடுமையும் குறையும். உன் முறையில் பாதிக் கனவளவு போதுமா என்று மேற்பார்வையாளரிடம் கேள். இரவில் ஆய்வுகூடத்தில் தனியாக வேலை செய்யவேண்டி வந்தால் செய்யாதே. மாதிரிகள் பழுதாகட்டும், திரும்பவும் எடுக்கலாம். பஸ் காசு நான் தருவேன்.

கட்மியமா புரூசினா என்று முடிவானதும் எழுது. கோண்டாவில், இணுவில், கோப்பாய்ப் பகுதிகளின் கிணறுகளுக்கு இலக்கமிட்ட பட்டியலை ஆனி முடிய முன் நான் ஆயத்தம் செய்துவிடுவேன். சித்தப்பா இந்தப் போகத்துக்கு வழமையாகப் போடும் பசளையின் அளவையும் நாளையும் ஒரு கொப்பியில் எழுதிவருகிறார். போத்தல்களைக் கழுவும் முறையையும், வெற்றுப் போத்தல் எத்தனை வேண்டும் என்பதையும் அடுத்த கடிதத்தில் தெரிவி.

அன்புடன்,
அம்மா