ஊருணித் தண்ணீரிலும் சிவக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதரசத்தைக் காட்டிக் கொடுக்கும் சாயங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வளவில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் ஊருணித் தண்ணீரில் இது பலிக்குமா என்று கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே கட்டுரையாளர் முடித்துவிட்டார்.

ரோடமின் என்ற ரோஜா நிறச் சாயத்தின் மூலக்கூறில் ஒரு வளையத்தை மூடிவிட்டால் நிறமே இருக்காது. அதன் ஓரத்தில் கந்தகம் உள்ள ஒரு தொகுதியை ஒட்டவைத்தால், பாதரச அயனி வந்து அந்தக் கந்தகத்தைப் பற்றிக்கொள்ள, வளையம் திறந்து, கரைசல் ரோஜா நிறமாகி ஒளிரவும் செய்கிறது. கந்தகமும் பாதரசமும் ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதா என்ன, சாதிலிங்கம் என்ற சிவப்புத் தாதுவே இரண்டும் சேர்ந்ததுதானே! கந்தகம் உள்ள ஒரு வகைச் சேர்மங்களுக்கு வைத்த மெர்காப்டன் என்ற பெயருக்கே பாதரசத்தைப் பிடிப்பது என்றுதான் பொருள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் அதன் நாற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

என் சந்தேகம் தண்ணீர் மேல்தான். இந்தச் சாயங்களில் பல தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் ஆய்வகத்தில் சுத்தமான நீரோடு எத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ போன்ற கரைப்பானைக் கலந்துதான் சோதிக்கிறார்கள். எங்கள் ஊருணியில் கலங்கல், பாசி, மட்கிய இலை எல்லாம் உண்டு. அந்த மட்கிலும் கந்தகம் இருக்கிறது, அது பாதரசத்தை முன்பே பிடித்துக்கொண்டால் சாயத்துக்கு என்ன மிஞ்சும்? சாயம் நிறமில்லாமலே இருக்கும், நாமும் தண்ணீர் நல்லது என்று குடிப்போம். குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான், அவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? அப்புறம், ஜப்பானில் 1956இல் வெளியே தெரிந்த மினமாட்டா நோய்க்குக் காரணம் மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசம், அதாவது கரிமத் தொகுதி ஒட்டிய பாதரசம். சாதாரண பாதரச அயனிக்கென்று செய்த சாயம் அதையும் பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்றால், எங்கள் தெருப் பத்தர் ஒருவர் முன்பு பாதரசம் வைத்துத்தான் தங்கமுலாம் பூசுவார், கழுவின தண்ணீர் நேரே ஊருணி வரத்துக்காலுக்குப் போகும். அப்போது நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நான் உட்பட, வேதியியல் வாத்தியாராக இருந்தும்.

காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இருக்கிறது. தங்க மின்முனையில் பாதரசத்தைப் படியவைத்து அளக்கும் முறையும் உண்டு. சாயத்தையும் இந்த முறையையும் ஒரே தண்ணீரில் வைத்துப் பார்த்து எழுதக் கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். ஊருணித் தண்ணீர் ஒரு பாட்டில் நானே பிடித்துத் தருகிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி