நடைச் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, விடியற்காலைக் குளிரைப் பொருட்படுத்தாமல் அடிவாரத்தில் வந்து நிற்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மொத்தம் பதினேழு நடைகள் போனோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சேலம் மூக்கனேரிக் கரையில் இரண்டு, கஞ்சமலை அடிவாரத்தில் சித்தர் கோயிலைச் சுற்றி ஒன்று, ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் பதின்மூன்று, கடைசியாகத் தனுஷ்கோடியில் ஒன்று. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் அறிக்கை நீளும். எனவே ஆகஸ்டு மாத நடையை முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நாம் நடக்கும் முறையே மாறிவிட்டது.

அன்று ஏற்காடு ஏரியில் இருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடந்தோம். போக ஐந்து கிலோமீட்டர் அளவுதான், தார்ச்சாலை, பெரிய ஏற்றமும் இல்லை. கோயில் இருக்கும் இடம் 5,326 அடி உயரம். குகைக்குள் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுவிட்டு மேல் புல்வெளியில் காலாற நடந்தபோது மூடுபனி இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பாறை இருந்த இடம் தெரியாமல் போகிற பனி. முன்னால் போன குழுவில் நானும் இருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து எண்ணினால் ஒருவர் குறைவு. நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா. ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்திருக்கிறார். நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

நாற்பது நிமிடம் தேடினோம். அந்த நாற்பது நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. கண்டுபிடித்தபோது அம்மா ஒரு பாறையை ஒட்டி, சால்வையைப் போர்த்திக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே கையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலைப் பாறையில் தட்டியிருக்கிறார். கோயில் வாசலில் தேங்காய் பழம் விற்கும் அக்காவுக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. "பனியில வழி தேடி நடந்தா இன்னும் தள்ளித்தான் போவேன், அதான் உக்காந்துட்டேன்" என்றார் அம்மா. அவர் செய்தது முழுக்கச் சரி. நாங்கள் செய்தது முழுக்கத் தவறு. முன்னால் போனவர்கள் சார்பில், செயலாளராகவும், அம்மாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். இந்தப் பேரவையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாரமே செயற்குழு கூடியது. மூன்று முடிவுகள் எடுத்தோம். அன்று யாருக்கு நடை மெதுவோ அவர்தான் முதலில் நடக்க வேண்டும், மற்றவர்கள் அவர் பின்னால். வரிசையின் கடைசியில் விசிலோடு ஒரு பொறுப்பாளர் வருவார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று ஆளை எண்ணிவிட்டுத்தான் நகர வேண்டும். பல நாடுகளின் மலைப் பகுதிகளில் ஒரு விசில் வழக்கம் இருக்கிறது. உதவி வேண்டுமானால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தருவார். அதையே நாமும் எடுத்துக்கொண்டோம். எல்லாருக்கும் சங்கச் செலவில் விசில் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பையில் போட்டு வைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மெதுவானவர் முன்னால் போனால் நேரம் ஆகாதா என்று சிலர் கேட்டார்கள். ஆகும். அதற்கேற்ற கணக்கு போடலாம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் மலை நடைக்காரர்களுக்குப் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். அப்படியானால் அடிவாரத்தில் இருந்து மேலே நடந்து போகிறவர், தூரத்துக்கான நேரம் போக, உயரத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் சேர்க்க வேண்டும். இது நல்ல உடல்வாகு உள்ளவர், நிற்காமல் நடப்பவர் கணக்கு. நம் சங்கத்துக்கு அதில் பாதியை மேலும் கூட்டிக்கொள்கிறோம். செப்டம்பரில் இருந்து எந்த நடையிலும் சொன்ன நேரத்துக்கு மேல் தாமதம் ஆகவில்லை.

ஏற்காட்டு மலைக் கிராமங்களைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் விரும்பினார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்தோம். ஒரு விதத்தில் அதுவே நல்லதாகப் போயிற்று. இரண்டாவது ஞாயிறு டிசம்பரில் வந்ததால் காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அதன் நிழலில் சிவந்த பழத்தோடு காப்பிச்செடி, களத்தில் காயும் கொட்டையின் வாசம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி, இன்று மலையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தோட்டங்கள் தனியார் சொத்து என்பதை நினைவில் வையுங்கள். சாலையில் நின்று பார்ப்போம். உள்ளே நுழைவதென்றால் கேட்டுவிட்டு நுழைவோம். ஒரு பழம்கூடப் பறிக்க வேண்டாம்.

லூப் ரோட்டில் நாம் கற்றுக்கொண்டது சாலை நடை. நடைபாதை இல்லாத மலைச்சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். கண் தெரியாத வளைவு வலப்பக்கம் திரும்பினால் மட்டும், முன்கூட்டியே எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டு வளைவு முடிந்ததும் திரும்பி வர வேண்டும். அடிவாரத்தில் இருந்து ஏறும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நடப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். விடுமுறை நாளில் அங்கே நடப்பவருக்கு இடமே இல்லை. பேருந்தில் மேலே போய், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் காட்சிமுனைகளின் பக்கம் கிராமச் சாலைகளில் நடப்பதுதான் நிம்மதி.

மாலையிலும் அதிகாலையிலும் தோட்டங்களை ஒட்டிக் காட்டெருமைகள் நிற்பதை நாமே நான்கு முறை பார்த்தோம். அமைதியாக மேய்வது போலத்தான் இருக்கும். அதை நம்பிப் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். நின்று, சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். அது போகும் வழியை மறிக்கவே கூடாது. நவம்பர் நடையில் இதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

காட்டுப் பாதைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நம் சங்கம் காலடி வைக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல மலையை விரும்பி நடந்தவர்கள்தான். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி ஓடும் வேகத்தை மனிதனால் ஓடி மிஞ்ச முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாவட்டத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்து குண்டூருக்கு ஏறும் பாதையும் அதில் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். ஜனவரியில் நம்மில் பதினொரு பேர் அதில் ஏறினோம். வழிகாட்டித் தம்பி மலைக் கிராமத்துப் பிள்ளை. எது கடுக்காய் மரம், எந்தத் தடம் கரடியுடையது என்று அவர் சொல்லச் சொல்ல ஏற்றமே தெரியவில்லை. பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை தீ அபாயத்துக்காகப் பாதைகளை மூடிவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் நாம் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொண்டோம்.

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் நம் ஆட்களுக்கு முட்டி போகிறது. அடியைச் சின்னதாக வையுங்கள். முட்டியை விறைப்பாக நீட்டாமல் கொஞ்சம் மடக்கியே வைத்திருங்கள். கைத்தடி பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் இருக்கும் உயரம் போதும், இறக்கத்தில் சற்று நீளம் கூட்டலாம். முதல் நாள் இரவே கால் நகத்தை வெட்டுங்கள். நகம் நீளமாக இருந்தால் இறக்கத்தில் ஷூவின் முனையில் போய் இடித்துக் கறுத்துப்போகும். குதிகாலில் லேசாக எரிந்ததுமே நின்று பிளாஸ்திரி போட்டால் கொப்புளம் வராது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் அன்றைய நடை வீண். தாகத்துக்கு வெறும் தண்ணீரைவிட, ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த நீர் நல்லது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டை கடித்தால் பிய்த்து இழுக்க வேண்டாம், நகத்தால் ஓரத்தில் நெம்பினால் விட்டுவிடும். இடி கேட்டால் சேர்வராயன் மேட்டுப் புல்வெளியில் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது, தனி மரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது.

இனி தனுஷ்கோடி. மலைக்காரர்களான நமக்குக் கடலோர நடை புதிது. ஜனவரிக் கடைசியில் வேன் வைத்துப் போனோம். முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர். 2017இல் திறந்த சாலை, ஏற்றமே இல்லை. இருபக்கமும் கடல், நடுவில் ஒடுங்கிக்கொண்டே போகும் மணல்திட்டு. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். ஆழமில்லாத நீரில் பூநாரைக் கூட்டம் நின்றது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயலில் ஊரும் ரயிலும் கடலில் போன கதையைப் படித்திருக்கிறோம். ஆனால் கூரையில்லாத அந்தத் தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் நின்றபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அந்த மண்ணிலும் மீனவக் குடும்பங்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரை மொண்டு எங்களுக்குக் கொடுத்தார்கள்.

கடலோரத்தில் வெயில் மேலே இருந்து மட்டும் அடிக்காது, மணலும் நீரும் திருப்பி அடிக்கும். காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் தாகமே தெரியாது. அதனால் மணி பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒதுங்க நிழல் கிடையாது, தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம். உலர்ந்த மணலில் கால் புதையும், அலை நனைத்த ஈர மணலில் நடந்தால் பாதி உழைப்புதான். கரை சரிந்திருப்பதால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும், திரும்பும்போது அதே கரையில் வந்தால் சரிவு மற்றக் காலுக்கு மாறி வலி சமமாகும். முனையில் நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்கக் கூடாது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

வெட்ட வெளி என்பதால் அங்கே வரிசை தேவையில்லை என்று முதலில் நினைத்தோம். அதுவும் தவறு. எல்லாரும் எல்லாருக்கும் தெரிகிறார்கள் என்பதாலேயே குழு ஒரு கிலோமீட்டருக்குச் சிதறிவிட்டது. காற்று எதிரே அடித்ததால் கூப்பிட்ட குரலும் போகவில்லை, விசிலும் போகவில்லை. பாதி வழியில் நிறுத்தி, எண்ணி, செவிலியர் அம்மாவை முன்னால் விட்டு மறுபடி தொடங்கினோம்.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். விசில், முதலுதவிப் பெட்டி, தனுஷ்கோடி வேன் வாடகை ஆகியவையே பெரிய செலவுகள். சந்தாவை உயர்த்தவில்லை. ஒவ்வொரு நடைக்கும் தட்டுவடை செட்டும் புளிச்சோறும் வீட்டில் இருந்து கொண்டுவந்த உறுப்பினர்களுக்கும், திரும்பும்போது எல்லாருடைய குப்பையையும் ஒரே சாக்கில் சுமந்து வந்த இளைஞர்களுக்கும் நன்றி. அன்று பனியில் எங்களுக்கு வழி காட்டிய தேங்காய்க் கடை அக்காவுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு சேலை கொடுத்தோம்.

புதிய ஆண்டின் முதல் நடை வரும் ஞாயிறு, காலை 5.30 மணிக்கு மூக்கனேரிக் கரையில் தொடங்கும். தண்ணீர், தொப்பி, விசில் கொண்டுவரவும். முன்னால் நடப்பவர் செவிலியர் அம்மா, கடைசியில் வருபவர் செயலாளர்.

இப்படிக்கு,
செயலாளர்