அலுவலகச் சுத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கட்டுப் பிரித்ததும் முதலில் உன் நரையைப் பார்த்துக் கவலைப்பட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். என் முழங்கால் வலியும் பரவாயில்லை, நடக்க முடிகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பதில் தாமதமானதே அதனால்தான். புது அலுவலகத்தைச் சுத்தம் செய்ய மூன்று நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறாய். ஒருவர் சொல்வதில் பாதியைத்தான் இன்னொருவர் சொல்கிறார், எதை நம்பி பட்ஜெட்டில் தொகை போடுவது என்று கேட்டிருக்கிறாய். எங்கள் அலுவலகத்தில் ஏழு வருடமாக இந்தப் பொறுப்பு என்னிடம்தான் இருக்கிறது. பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. அதை அவசரமாக எழுத மனம் வரவில்லை.

மூன்று தொகையையும் இப்போதைக்கு மறந்துவிடு. மூவரிடமும் ஒரே கேள்வி கேள்: தினமும் எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நேரம் வேலை செய்வார்கள்? இந்தச் செலவில் பெரும்பங்கு ஆட்களின் கூலிதான். மருந்து, மாப்பு, இயந்திரம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வராது. அதனால் ஒருவர் பாதி விலைக்கு வருகிறார் என்றால், பெரும்பாலும் ஆள் நிற்கும் நேரத்தைக் குறைத்திருப்பார், அல்லது ஆளுக்குக் கொடுக்கும் கூலியைக் குறைத்திருப்பார். வேறு எங்கிருந்து அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். உன் இடம் 12,000 சதுர அடி. மேசை நாற்காலி நிறைந்த இடத்தில், கழிப்பறையும் சேர்த்து, ஒருவர் மணிக்கு 3,000 சதுர அடி முடிப்பார் என்று வைத்துக்கொள். நாலு மணி நேர வேலை. ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குத்தான் விலை போட்டிருக்கிறார் என்றால், அந்த ஆள் மணிக்கு 6,000 சதுர அடியை ஓடி முடிக்க வேண்டும். என்னென்ன விட்டுப்போகும் என்று அப்போதே கேட்டுவிடலாம். இதெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை. துப்புரவுத் துறைக்கான சர்வதேசச் சங்கமான ஐ.எஸ்.எஸ்.ஏ., 600-க்கும் மேற்பட்ட வேலைகளுக்கு எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. நல்ல நிறுவனமாக இருந்தால் அப்படி ஒரு கணக்கை வைத்துத்தான் விலை சொல்லும். கேட்டால் காட்டவும் செய்யும்.

நானும் ஆரம்பத்தில் இதையெல்லாம் கேட்கவில்லை. இரண்டாவது வருடம் அடிமாட்டு விலைக்கு ஒரு நிறுவனம் வந்தது. நிர்வாகம் சந்தோஷப்பட்டது, நானும் கையெழுத்துப் போட்டேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் அலமாரி மேல் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்குத் தூசி. கழிப்பறையில் வாடை. ஒரு நாள் எல்லோரும் கிளம்பிய பிறகு இருந்து பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக வந்தார். கழிப்பறைக் கோப்பையில் மருந்தைத் தெளித்த கையோடு துடைத்தார். அந்தத் துணியிலேயே கைகழுவும் தொட்டியையும் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கிருமிநாசினி டப்பாவில், மருந்து பட்ட இடம் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். சில வகைக்கு 10 நிமிடம் வரை போட்டிருக்கும். தெளித்ததும் துடைத்தால் வாசனைதான் மிஞ்சும், கிருமி அங்கேயேதான் இருக்கும். "கொஞ்ச நேரம் விட்டுத் துடைக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "இங்கே ஒன்றரை மணி நேரம்தான் சார், இன்னும் ரெண்டு கட்டடம் இருக்கு" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டது நான்.

அடுத்த ஒப்பந்தத்தில் தினசரி மணி நேரத்தை எழுத்தில் வாங்கினேன். கழிப்பறைக்கு ஒரு நிறத் துணி, மேசைக்கு ஒரு நிறத் துணி என்று பிரித்து வைக்கச் சொன்னேன். அந்த அம்மாவே புது நிறுவனத்தின் ஆளாக இப்போதும் வருகிறார். முதலில் எல்லாக் கோப்பைக்கும் மருந்து ஊற்றிவிட்டு, அது ஊறும் நேரத்தில் கண்ணாடி, குழாய், கதவுப் பிடி எல்லாம் துடைப்பார். திரும்பி வந்து பிரஷ் போடுவார். கடைசியில் உள்மூலையிலிருந்து வாசல்வரை பின்னால் நகர்ந்தபடியே மாப்புப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். நேரம் கிடைத்தால் அதே கை எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

சதுர அடியை மட்டும் வைத்து விலை சொல்பவரிடம் கவனமாக இரு. 20 பேர் வேலை செய்து இரண்டு கழிப்பறை இருக்கும் இடமும், 90 பேர் இருந்து எட்டுக் கழிப்பறை இருக்கும் இடமும் பரப்பளவில் ஒன்றாக இருக்கலாம். வேலை ஒன்றா? நீயே ஒரு முறை நடந்து எண்ணிக்கொள்: ஆட்கள், கழிப்பறைக் கோப்பைகள், தொட்டிகள், குப்பைக்கூடைகள், கார்பெட் எவ்வளவு, டைல்ஸ் எவ்வளவு, கண்ணாடித் தடுப்பு எவ்வளவு. பூட்டியே கிடக்கும் ஸ்டோர் ரூமையும் சர்வர் அறையையும் பரப்பிலிருந்து கழித்துவிடு. இந்த ஒரே தாளை மூவருக்கும் கொடுத்துத் திரும்ப விலை கேள். அப்போதுதான் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

தினமும் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. கழிப்பறை, நுழைவாசல், சாப்பிடும் இடம், குப்பை, இவை தினமும் நடக்க வேண்டும். மேசைப் பகுதியைத் துடைப்பது வாரம் மூன்று நாள் போதும். ஒட்டடை அடிப்பது மாதம் ஒரு முறை. ஆனால் ஐந்து நாளை மூன்று நாளாக்கினால் செலவும் ஐந்தில் மூன்றாகும் என்று எதிர்பார்க்காதே. இடையில் சேரும் அழுக்கால் ஒவ்வொரு வருகையும் நீளும்.

எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதில் நிர்வாகத்தோடு எனக்கு வருடா வருடம் வாக்குவாதம் வரும். அமெரிக்காவில் கல்வி நிறுவனங்களின் கட்டடப் பராமரிப்பு அதிகாரிகளுக்கு ஏ.பி.பி.ஏ. என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது சுத்தத்தை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறது. 1 என்றால் பளிச்சென்று இருப்பது, 5 என்றால் கவனிப்பாரற்றுக் கிடப்பது. அதைக் காட்டித்தான் பேச்சை முடித்தேன். வரவேற்பறைக்கும் கழிப்பறைக்கும் 2, பின்பக்க அறைகளுக்கு 3 என்று ஒப்புக்கொண்டோம். "செலவைக் குறை" என்று யாராவது சொன்னால், எந்த இடத்தை எந்த நிலைக்கு இறக்கலாம் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பேச்சு உடனே தெளிவாகிவிடுகிறது.

பட்ஜெட்டில் பலரும் தடுமாறும் இடம் மாதக் கணக்கு. வாரச் செலவை நாலால் பெருக்கிவிடுவார்கள். வருடத்துக்கு 52 வாரம், 12 மாதம். மாதத்துக்கு 4.33 வாரம் வரும். நாலால் பெருக்கினால் வருடத்தில் நாலு வாரச் செலவு கணக்கிலேயே இருக்காது. வருடக் கடைசியில் எங்கே ஓட்டை என்று தேடுவாய்.

அப்புறம், சோப்பு, டிஷ்யூ, குப்பைப் பை இதெல்லாம் விலைக்குள் அடக்கமா, தனியா என்று பார். எனக்குத் தெரிந்து விலை வித்தியாசத்துக்கு இது ஒரு பெரிய காரணம். இவை ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடும், பரப்பைப் பொறுத்து அல்ல. முதல் ஆறு மாதம் நீயே வாங்கிக் கணக்கு வைத்துப் பார். கார்பெட்டை இயந்திரம் வைத்து அலசுவது, தரையைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது, வெளிப்பக்கக் கண்ணாடி துடைப்பது, இவை மாதக் கட்டணத்தில் வராது. வருடத்துக்கு எத்தனை முறை என்று முடிவுசெய்து, மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்கி வை. இதை வெட்டத்தான் எல்லோருக்கும் கை வரும். கார்பெட்டில் இறங்கிய மணல் ஒவ்வொரு மிதியிலும் இழையின் அடியை அறுக்கும். அலசாமல் விட்டால் கார்பெட்டையே சீக்கிரம் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவு எத்தனை வருட அலசலுக்குச் சமம் என்று போட்டுப் பார். நுழைவாசலில் நாலைந்து எட்டு வைக்கும் நீளத்துக்கு நல்ல மிதியடி விரித்துவிடு. ஷூவில் வரும் மண்ணில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். நாங்கள் செய்த செலவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நேரடியாக ஆள் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். சின்ன இடமென்றால் சரி. உன் அளவுக்கு, ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள், இயந்திரம், மேற்பார்வை என்று எல்லாம் உன் தலையில் விழும். ஒப்பந்தம்தான் நல்லது என்பது என் எண்ணம். ஒரு மாத முன்னறிவிப்பில் விலகும் உரிமை, ஆள் வராத நாளுக்கு மாற்று ஆள், விபத்துக் காப்பீடு, கூலி உயர்ந்தால் கட்டணம் எப்படி மாறும், இந்த நாலும் எழுத்தில் இருக்கட்டும். சுத்தம் செய்பவரின் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதையும் கூச்சப்படாமல் கேள். கைக்குக் குறைவாகப் போனால் ஆள் நிற்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு புது முகம் வந்து, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கும். அவருக்கும் அது நியாயமில்லை.

மூன்று நிறுவனத்தையும் இடம் பார்க்கத் திரும்பக் கூப்பிடுவாய் அல்லவா? மாலையில், எல்லோரும் கிளம்பிய பிறகு வரச் சொல். நிரம்பிய குப்பைக்கூடையையும் கறை படிந்த தரையையும் பார்த்து விலை சொல்லட்டும். புது விலைகள் வந்ததும் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டு போன் செய்கிறேன். நான் வைத்திருக்கும் கணக்குத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன், எண்களை மாற்றிக்கொண்டால் போதும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. அடுத்த மாதம் அவரைப் பார்க்க நேரில் வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்