எந்த மாதம் வரை என்று சிட்டையில் எழுதித் தாருங்கள்

யாழ். நகரத்திலும் சுன்னாகம், மானிப்பாய், நெல்லியடி, பருத்தித்துறை, சாவகச்சேரி பக்கங்களிலும் கைத்தொலைபேசிக் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே நின்று விற்கும் தம்பி தங்கைமாருக்கும்,

வணக்கம்.

நாங்கள் போன் திருத்துபவர்கள். உங்கள் கடையில் விற்கப்படும் போன் இரண்டு மூன்று வருடம் கழித்து எங்கள் மேசைக்கு வருகிறது. விழுந்து டிஸ்பிளே உடைந்தது, சார்ஜ் ஏறாதது, தண்ணீர் பட்டது எல்லாம் எங்கள் அன்றாட வேலை. அவற்றுக்காக உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கீறலும் இல்லாமல், பற்றரியும் பழுதில்லாமல், "வேலை செய்யுதில்லை" என்று கொண்டுவரப்படும் போன்கள் கூடிக்கொண்டே போகின்றன. அவற்றுக்குப் போட எங்களிடம் பாகம் இல்லை. விற்ற அன்றே சொல்லியிருக்க வேண்டிய ஒரு விடயத்தை ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் அவற்றின் பழுது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். புதிய போனோ பாவித்த போனோ, ஐபோனோ அன்ரோயிட்டோ, அதற்குப் பாதுகாப்பு அப்டேற் (போனில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் திருத்தம்) எந்த வருடம், எந்த மாதம் வரை வரும் என்பதைச் சிட்டையில் எழுதித் தாருங்கள்.

காரைநகரிலிருந்து ஒரு தாயின் போன் வந்தது. ஐபோன் 6. 2022இல் பாவித்த போனாக வாங்கியது. "ஐபோன்தானே அம்மா, பத்து வருசத்துக்கு ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஐபோனை இயக்கும் முறைமையான ஐஓஎஸ்ஸின் 13ஆம் பதிப்பு வெளிவந்த 2019 செப்டெம்பரிலேயே, புதிய பதிப்புகள் ஏறும் போன்களின் வரிசையிலிருந்து ஐபோன் 6ஐ அப்பிள் நீக்கிவிட்டது. அந்தப் போன் ஐஓஎஸ் 12ஐத் தாண்டாது. அதாவது, விற்கப்பட்ட அன்றே அதற்குப் புதிய ஐஓஎஸ் நின்று ஏறக்குறைய மூன்று வருடம் ஆகிவிட்டது. 2025 மே 5 அன்று, ஐஓஎஸ் 15.1இற்குக் கீழே உள்ள எல்லா ஐபோன்களிலும் வட்ஸ்அப் நின்றது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் ஒருவருக்கு வட்ஸ்அப் நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அவர் ஒரு கடைக்குப் போனார். அங்கே ஒரு அன்ரோயிட் போனைக் கொடுத்து, சிம்மை மாற்றி, அதே இலக்கத்தில் வட்ஸ்அப்பைத் திறந்து கொடுத்தார்கள். பழைய போனை மாற்று விலைக்கு எடுத்து, அவரிடமே கடவுச்சொல்லை அடிக்கச் சொல்லி, அங்கேயே அழித்தார்கள். வீட்டுக்குப் போய்த்தான் பார்த்திருக்கிறார்: புதிய போனில் பழைய உரையாடல் ஒன்றும் இல்லை. கனடாவில் காலமான தமக்கை கிழமைக்கு ஒரு தரம் அனுப்பிய குரல் செய்திகள் அந்த ஐபோனுக்குள் இருந்தன. அவற்றைத் தேடித்தான் எங்களிடம் வந்தார்.

இதில் எது தவறியது என்று துல்லியமாகச் சொல்லவேண்டும். ஐபோனில் வட்ஸ்அப்பின் காப்புப் பிரதி ஐகிளவுட் என்ற அப்பிளின் இணையச் சேமிப்பிடத்தில் இருக்கும், அன்ரோயிட்டில் கூகிள் கணக்கில் இருக்கும். ஒன்றில் சேமித்ததை மற்றது திறக்காது. ஆகவே இலக்கத்தை மட்டும் மாற்றினால் உரையாடல் வராது. ஆனால் வழி இருந்தது. பழைய போனை அழிக்காமல், செற்றிங்ஸில் மேலே உள்ள பெயரைத் தொட்டு, ஐகிளவுட் சேமிப்பிடத்தில் வட்ஸ்அப்பின் பிரதி இருக்கிறதா, எத்தனை எம்பி என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். இருந்தால், ஐஓஎஸ் 15.1இற்கு மேற்பட்ட ஒரு ஐபோனைச் சில மணித்தியாலம் இரவல் எடுத்து, அதே அப்பிள் கணக்கில் நுழைந்து, அதே இலக்கத்தில் வட்ஸ்அப்பைப் பதிந்தால் பழைய உரையாடலை மீட்கலாம். பிறகு யூஎஸ்பி-சி முதல் லைற்னிங் வரையான வயரால் அந்த ஐபோனையும் புதிய அன்ரோயிட்டையும் இணைக்க வேண்டும். சம்சுங் என்றால் ஸ்மார்ட் சுவிட்ச் செயலி வழியாக எல்லாம் மாறும். ஒரு நிபந்தனை: புதிய போன் பெட்டியிலிருந்து எடுத்தபடி இருக்க வேண்டும், அல்லது றிசெற் செய்திருக்க வேண்டும். கடைசியில் இரவல் போனில் கணக்கை மூடிவிட வேண்டும். அரை நாள் வேலை. செய்யத் தெரியாவிட்டால் "அழிக்கவேண்டாம், வைத்திருங்கோ அம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம்.

அன்ரோயிட்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கும் இதே அவலம் நடக்கிறது. "மூவ் ரு ஐஓஎஸ்" என்ற செயலியால்தான் உரையாடலை மாற்ற முடியும். அதற்கான இடம் ஐபோனின் முதல் அமைப்புத் திரையில் மட்டுமே வரும். நீங்கள் அன்பாகப் போனைத் திறந்து, கணக்குப் போட்டு, ரெம்பர் கிளாஸ் ஒட்டி, பின் கவர் போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். அதன் பிறகு உரையாடலை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு போனும் சார்ஜில், ஒரே வைஃபையில், அன்ரோயிட்டில் அந்தச் செயலி திரையிலேயே திறந்தபடி இருக்க வேண்டும். நடுவில் ஒரு அழைப்பு வந்து திரை மாறினாலும் மாற்றம் அறுந்துபோகும்.

ஒரு திகதி சிட்டையில் இருந்திருந்தால் அந்தத் தாயின் பிள்ளைகள் ஒரு வருடம் முன்னதாகவே ஆயத்தம் செய்திருப்பார்கள். வட்ஸ்அப் எப்போது நிற்கும் என்று 2022இல் உங்களுக்குத் தெரிந்திருக்க முடியாது. ஐஓஎஸ் 12ஓடு அந்தப் போன் நின்றுவிட்டது என்பது தெரிந்திருக்க முடியும். முறைமை நின்ற போனிலிருந்து செயலிகள் ஒவ்வொன்றாகக் கழரும் என்பதும் தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைகளில் ஐபோன் 8உம் ஐபோன் எக்ஸும் அதே வாக்குறுதியோடு விற்கப்படுகின்றன. அவை ஐஓஎஸ் 16ஓடு நின்றவை. 2025 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 26, ஐபோன் 11இலிருந்துதான் ஏறும். எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் அதற்கு முந்திய ஐஓஎஸ் 18ஓடு நிற்கின்றன (18இற்கு அடுத்த பதிப்புக்கே 26 என்று எண்). வாங்குபவருக்கு இது சொல்லப்படுகிறதா?

"ஐபோன் நல்லதா, அன்ரோயிட் நல்லதா?" என்றுதான் வருபவர் கேட்பார். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படிப்பது ஐஓஎஸ், அன்ரோயிட் போன்றவற்றைத்தான். அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஆனால் நேர்மையான பதில் உண்டு. ஐபோனில் சிப், போன், முறைமை மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில். ஆதரவு உள்ள எல்லா ஐபோனுக்கும் அப்டேற் ஒரே நாளில் வரும். அன்ரோயிட்டில் கூகிள் மாதாமாதம் திருத்தத்தை வெளியிடும், குவல்கொம், மீடியாரெக் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கவேண்டும், பிறகு போன் நிறுவனம் அந்த மாதிரிக்கென்று தயாரித்து அனுப்பவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் போனுக்கு ஒன்றும் வராது. ஆகவே "அன்ரோயிட் எண்டால் எல்லாம் ஒண்டுதான்" என்பது தவறு. கூகிள் பிக்சல் 8இற்கும் சம்சுங் எஸ்24இற்கும் 7 வருடம் உறுதி இருக்கிறது. 2024இல் வந்த சம்சுங் ஏ16 விலை குறைந்த போன்தான், அதற்கும் 6 வருடம். அதே விலைக்கு அருகில் வைத்திருக்கும் வேறு பல போன்களுக்கு அவ்வளவு இராது. கமராவின் மெகாபிக்சலை உரத்துச் சொல்கிறீர்கள். இந்த எண்ணையும் அதே குரலில் சொல்லுங்கள்.

இந்த வருடக்கணக்கு போன் மாதிரி வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் விற்ற நாளிலிருந்து அல்ல. பிக்சல் 6 வெளிவந்தது 2021 ஒக்டோபர், உறுதி 5 வருடம், முடிவு 2026 ஒக்டோபர். பெட்டி உடைக்காமல் இராக்கையில் இரண்டு வருடம் கிடந்த போன், சீல் இருந்தாலும், இரண்டு வருடம் பழையதுதான்.

முகம் பார்த்துக் கதைக்க ஐபோன்தான் வேண்டும் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் அடம்பிடிப்பது உண்டு, ஃபேஸ்டைமுக்காக. வட்ஸ்அப் வீடியோ இரண்டிலும் ஒன்றுதான். ஃபேஸ்டைம் இணைப்பை அனுப்பினால் அன்ரோயிட்டின் உலாவியிலும் 2021இலிருந்து சேர்ந்து கதைக்கலாம். மாறாக, தமிழைக் கேட்பவர் யாரும் இல்லை. அன்ரோயிட்டில் மெனு முழுவதும் தமிழில் பல வருடமாக இருக்கிறது. கூகிள் விசைப்பலகையின் குரல் தட்டச்சில் "தமிழ் (இலங்கை)" என்றே ஒரு தெரிவு உண்டு. ஐபோனுக்கு மெனு தமிழில் வந்தது 2025இல், ஐஓஎஸ் 18.4ஓடுதான். ஐபோன் எக்ஸிலும் அதற்கு முந்தியவற்றிலும் அது ஒருபோதும் வராது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத எழுபது வயது மனிதருக்கு ஐபோன் 8ஐ விற்கும்போது இதை ஒருவராவது சொல்கிறாரா? மொழியை மாற்றிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். உத்தரவாத அட்டை ஆங்கிலத்தில், மெனு ஆங்கிலத்தில், சிட்டையும் ஆங்கிலத்தில். காசு கொடுப்பவர் தமிழர், விற்பவரும் தமிழர். இது எங்களை நோகச் செய்கிறது.

கஸ்தூரியார் வீதியில் ஒரு சோடித் தோடு வாங்கினாலும் எத்தனை கிராம், எத்தனை கரட், செய்கூலி எவ்வளவு என்று சிட்டையில் வரும். எழுதாத கடையில் எங்கள் அம்மாமார் பவுண் வாங்கமாட்டார்கள். இலட்சக் கணக்கில் விலைபோகும் போனுக்கு மட்டும் மாதிரிப் பெயரும் விலையும் போதுமா? நம் உறவுகள் வாழும் பிரித்தானியாவில், 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எந்தக் காலம் வரை பாதுகாப்பு அப்டேற் என்பதை உற்பத்தியாளர் வெளியிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிய போன்களுக்குக் குறைந்தபட்ச அப்டேற் காலமே சட்டத்தில் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுதுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

பாவித்த போன் என்றால் இன்னும் சிலவற்றை வாங்குபவரின் கண்முன்னே செய்து காட்டுங்கள். ஐபோனை அழித்து வரவேற்புத் திரைவரை கொண்டுவந்து, பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அதை விற்கவேண்டாம், அந்தப் பூட்டை நாங்களும் திறக்கமுடியாது. அன்ரோயிட்டில் கூகிள் கணக்கை நீக்கிய பிறகே றிசெற் செய்யவேண்டும், இல்லாவிட்டால் அதே கணக்கை அதுவும் கேட்கும். ஐபோனின் "அபவுட்" பக்கத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை (எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும்) என்று வரவேண்டும். மாதிரி இலக்கம் "எல்எல்/ஏ" என்று முடிந்தால் அமெரிக்காவுக்கானது: ஐபோன் 14இலிருந்து அவற்றில் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதியும் ஈசிம் மட்டும்தான். சீனாவுக்கென்று வந்த சியோமியில் மெனு சீனத்திலும் ஆங்கிலத்திலும்தான். ஐஎம்ஈஐ என்ற, ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள இலக்கத்தை 1909இற்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிலையும் காட்டுங்கள்.

"ஐபோனுக்கு அப்பிள் திகதி சொல்வதில்லையே, எப்படி எழுதுவது?" என்று கேட்பீர்கள். நியாயம். பிரித்தானியச் சட்டத்துக்காக ஐபோன் 15 புரோ மக்ஸுக்கு அப்பிள் கொடுத்த உறுதி முதல் விற்பனையிலிருந்து குறைந்தது 5 வருடம். அதற்கு மேலும் வழமையாகக் கொடுக்கிறார்கள், ஆனால் அது வழமை மட்டுமே. ஆகவே ஐபோனுக்கு வெளிவந்த வருடத்தையும், இன்றைய புதிய ஐஓஎஸ் ஏறுமா ஏறாதா என்பதையும் எழுதுங்கள். அன்ரோயிட்டுக்கு, உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் அந்த மாதிரியின் உறுதியைப் பாருங்கள். பாவித்த போனென்றால் செற்றிங்ஸில் "போனைப் பற்றி" என்ற பக்கத்தில் கடைசிப் பாதுகாப்பு அப்டேற்றின் திகதி இருக்கும். புதிய அப்டேற் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகும் அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாகவே இருந்தால், அந்தப் போனுக்கு இனி அப்டேற் வருவது சந்தேகம் என்று எழுதுங்கள். உறுதி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாத போனுக்கு "உறுதி இல்லை" என்று எழுதுங்கள். விலையைக் குறைத்துக் கொடுத்தால் அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது, தெரிந்துகொண்டு வாங்குவார்கள்.

சிட்டையில் தேவை ஒரு வரிதான்:

"சம்சுங் ஏ16. வெளிவந்தது 2024. பாதுகாப்பு அப்டேற் 2030 ஒக்டோபர் வரை."

"ஐபோன் எக்ஸ்ஆர், பாவித்தது. வெளிவந்தது 2018. ஐஓஎஸ் 18ஓடு நிற்கும், 26 ஏறாது. பற்றரி 84%."

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள் தாய் தகப்பனுக்குப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தேர் தீர்த்தம் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் போனைப் பற்றிக் கேட்க வீட்டில் ஆளில்லை, சிட்டை மட்டும்தான் இருக்கும். ஆகவே இந்த முறை கொடியேற்றத்துக்கு முன்னரே, எந்த மாதம் வரை என்பதைச் சிட்டையில் எழுதும் வழக்கத்தைத் தொடங்குமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறோம். மாதிரிகளின் திகதிகளைத் தேடி ஒரு பட்டியலாகத் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தம். காசு வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி திருத்தும் தொழிலாளர் சிலர்